ஜாடி பளபளன்னு இருக்கு, மெழுகு எங்க போச்சு?

ஃபேர்வெல் சீசன் வந்தா எங்க ஹாஸ்டல்ல மூணு பொருள் கைமாறும்: ஃபோட்டோ ஃப்ரேம், பேர் போட்ட காபி மக், கண்ணாடி ஜாடியில வர்ற வாசனை மெழுகுவத்தி. முதல் ரெண்டும் பத்திரமா ஊருக்குப் போயிடும். மூணாவது மட்டும் ரூம்லயே எரியும் (வார்டன் மேடம் இந்த வரியைத் தாண்டிப் போயிடவும்). கடைசியில, அடியில கொஞ்சம் மெழுகோட ஒரு அழகான ஜாடி மிஞ்சும். அதைத் தூக்கிப் போட மனசு வராது. ஹார்லிக்ஸ் பாட்டில்ல மல்லிப்பொடி, ப்ரூ பாட்டில்ல கடுகுன்னு பாத்து வளந்தவங்கதானே நாம எல்லாம்.

ஜாடியைத் திரும்பப் பயன்படுத்துறது நல்ல விஷயம், அதுல எனக்கு மறுப்பே இல்ல. என் சண்டை அதைச் சுத்தம் பண்ற விதத்தோட. ரீல்ஸ்ல வர்றது இதுதான்: கெட்டில்ல தண்ணி கொதிக்க வை, ஜாடிக்குள்ள ஊத்து, மெழுகு உருகி மேல வரும், அப்படியே சிங்க்ல கவுத்து. பதினஞ்சு செகண்ட்ல ஜாடி பளபள. மெழுகு எங்க போச்சுன்னு அந்த வீடியோ காட்டாது. மாஸ் பேலன்ஸ் படிச்ச நாமளாவது அதைக் கேக்க வேண்டாமா? உள்ளே போனது = வெளியே வந்தது + உள்ளேயே தங்கினது. அந்த மூணாவது டெர்ம் இருக்கே, அது நம்ம வாஷ்பேசின் பைப்புல இருக்கு.

"இத்துனூண்டு மெழுகு, என்ன ஆயிடப் போகுது"ன்னு சொல்றவங்களுக்காக ஒரு கணக்கு. ஜாடி மெழுகுவத்தியை அடி வரைக்கும் எரிக்கக் கூடாது. அடியில அரை இன்ச் மெழுகு இருக்கும்போதே நிறுத்திடுங்கன்னுதான் அமெரிக்காவுல இருக்கற நேஷனல் கேண்டில் அசோசியேஷன் சொல்லுது. முழுசா எரிஞ்சா கண்ணாடி சூடேறி விரிசல் விடலாம். அதனால மிச்சம் விழுறது தவிர்க்க முடியாதது. 7 செ.மீ. விட்டமுள்ள ஜாடியில அரை இன்ச் உயரம்னா சுமார் 49 கன செ.மீ. மெழுகோட அடர்த்தி 0.9 பக்கம், ஆக 44 கிராம். ஒரு ஃப்ளோர்ல 20 பேர் இதையே பண்ணா கிட்டத்தட்ட 900 கிராம். ஒரே பைப்புல.

மெழுகு வகையைப் பொறுத்து ஏறக்குறைய 45-லிருந்து 65 டிகிரி செல்சியஸுக்குள்ள உருகும். பேசினுக்கு அடியில வளைஞ்சு இருக்கற ட்ராப்ல எப்பவும் தண்ணி தேங்கி நிக்கும். நம்ம ஊர்ல அது 30 டிகிரி பக்கம் இருக்கும். கொதிக்கிற தண்ணியோட இறங்கற மெழுகு அந்தத் தண்ணியைத் தொட்டதும் அங்கேயே உறையும். ஏற்கெனவே அங்க குடியிருக்கற தலைமுடி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்.

போன வருஷம் எங்க ஃப்ளோர்ல ஒரு பேசின் அடைச்சுது. ஹவுஸ்கீப்பிங் அக்கா ரெண்டு தடவை காஸ்டிக் சோடா போட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் நடக்கல. நடக்கவும் நடக்காது. காஸ்டிக் சோடா எண்ணெயையும் கொழுப்பையும் சோப்பா மாத்தும், பாராஃபினைத் தொடக்கூடச் செய்யாது. பாராஃபின்ங்கற பேரே லத்தீன்ல 'ஒட்டுறவு கம்மி'ன்னு அர்த்தம் வர்ற வார்த்தைகள்ல இருந்து வந்தது. அப்புறம் ட்ராப்பைக் கழட்டி, கம்பி விட்டுக் குத்தி, மிச்சத்தைக் கையாலயே எடுத்தாங்க. கையுறை இல்ல. முடியும் அழுக்கும் கலந்த ரோஸ் கலர் கட்டி, அதுல லாவண்டர் வாசனை வேற. "என்ன பாப்பா இது, சோப்பா?"ன்னு கேட்டாங்க. சுத்தி நின்ன அஞ்சாறு பேர்ல யாரும் பதில் சொல்லல. அந்த ஃப்ளோர்ல பாதி ரூம் ஜன்னல்ல பேனா போட்டு வெச்ச ஜாடி இருக்கு. அதுக்கு ஈகோ-ஃப்ரெண்ட்லின்னு ஸ்டோரி போட்டவங்களும் இருக்காங்க.

"என்னோடது சோயா மெழுகு, நேச்சுரல்"னு சிலர் சொல்வாங்க. பைப்புக்கு அது கெட்டியாக்கின சோயா எண்ணெய், அவ்வளவுதான். லண்டன்ல 2017-ல சாக்கடைக்குள்ள 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டியைக் கண்டுபிடிச்சாங்க, எடை 130 டன். அதுவும் யாரோ வீட்டு சிங்க்ல ஊத்தின எண்ணெயும், டாய்லெட்ல போட்ட வெட் வைப்ஸும் சேர்ந்ததுதான்.

சரி, எப்படித்தான் எடுக்கறது? மெழுகோட குணத்தை நமக்குச் சாதகமா வெச்சுக்கணும். குளிர்ந்தா மெழுகு கண்ணாடியை விட நிறைய சுருங்கும். ராத்திரி முழுக்க ஃப்ரீஸர்ல வெச்சு, காலையில மழுங்கின கத்தியால ஓரத்தை லேசா நெம்பினா பல சமயம் முழு வட்டமா கழண்டு வந்துடும். வீட்டுக்குப் போகும்போது பண்றதுக்கு இதுதான் பெஸ்ட். ஒரே விஷயம், ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த ஜாடியில உடனே சுடுதண்ணி ஊத்தக்கூடாது. ஊத்தினா உடைஞ்ச கண்ணாடியைத்தான் பொறுக்கணும்.

ஹாஸ்டல்ல ஃப்ரீஸருக்கு எங்க போறது? ஒரு மக்ல சூடான தண்ணி எடுத்து, ஜாடியை அதுக்குள்ள நிக்க வைங்க. தண்ணி ஜாடிக்கு வெளியில, மெழுகு உள்ளே. மெழுகு இளகினதும் பழைய பேப்பர் கப்புல ஊத்திடலாம். சிங்க் பக்கமே போக வேண்டாம். ஜாடிக்குள்ளயே தண்ணி ஊத்தித்தான் ஆகணும்னா, முழுசா ஆறுற வரைக்கும் பொறுங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்ச மட்டன் குழம்பு மேல கொழுப்பு படியற மாதிரி மெழுகு தட்டா மிதக்கும். தட்டை எடுத்துட்டு, தண்ணியைப் பழைய துணியில வடிகட்டி ஊத்துங்க. திரிக்கு அடியில இருக்கற தகரத் துண்டும் அந்தச் சூட்டுலயே பெயர்ந்துடும். அந்தத் தகரம் இருக்கும்போது மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, பொறி பறக்கும். கெட்டிலுக்குள்ள மெழுகை உருக்கற ஐடியா யாருக்காவது இருந்தா, அதே கெட்டில்லதான் ராத்திரி மேகி போடறீங்கன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஓரத்துல ஒட்டின பிசுக்கை ஜாடி சூடா இருக்கும்போதே பழைய நியூஸ்பேப்பரால துடைச்சு எடுத்துடுங்க. அப்புறம் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், இன்னொரு துடைப்பு, கடைசியில சோப்பு. இந்த வரிசையை மாத்தி முதல்ல சோப்புக்குப் போனா அரை பாட்டில் விம் செலவாகும், பிசுபிசுப்பு அப்படியே இருக்கும்.

எடுத்த மெழுகைப் பேப்பர்ல சுத்திக் குப்பைத் தொட்டியில போட்டாலே போதும், பைப் தப்பிச்சிடும். ஆனா வெச்சுக்கிட்டா பிரயோஜனம் இருக்கு. மக்கர் பண்ற பேக் ஜிப்புல தேய்ங்க, சிக்கிக்கற மேஜை டிராயர் ஓரத்துல தேய்ங்க. மரத்துல ஸ்க்ரூ இறக்கறதுக்கு முன்னாடி மரையில கொஞ்சம் தடவினா சுலபமா இறங்கும்.

காலியான ஜாடியில ஊறுகாய் போடலாமான்னு கேப்பீங்க. நான் போட மாட்டேன். அது சாப்பாட்டுக்காகச் செஞ்ச ஜாடி இல்ல, சில ஜாடிகள்ல உள்பக்கம் பெயின்ட் வேற இருக்கு. சூடான டீ ஊத்தறதும் வேண்டாம், பலமுறை சூடாகி ஆறின கண்ணாடி அது. பேனா, ஹேர்பின், சில்லறை, எலக்ட்ரானிக்ஸ்காரங்கன்னா ரெசிஸ்டர், இதுக்கெல்லாம் தாராளமா வெச்சுக்கலாம்.

இந்த வருஷம் எங்களுக்கு கேண்டில் வாங்கப் போற ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். கழுத்து குறுகின டிசைன் ஜாடி வேண்டாம். மெழுகு வட்டமா கழண்டாலும் வாய் வழியா வெளிய வராது. வாய் அகலமா, பக்கம் நேரா இருக்கற சாதாரண டம்ளர் மாதிரி ஜாடியா பாத்து வாங்குங்க. வாசனை உங்க இஷ்டம், லாவண்டர் மட்டும் வேண்டாம்.