பெயரைப் பிளக்கும் விளையாட்டு

பெயர் என்பது ஒருவனைப் பிறரினின்று பிரித்துக் காட்டும் குறி மட்டுமன்று. அவன் எவ்வகைக் குமுகாயத்தில் பிறந்தான், அக்குமுகாயம் அவனைத் தனியாளாக மதித்ததா, ஒரு குடியின் உறுப்பாக மட்டுமே மதித்ததா என்பதையும் அது சொல்லிவிடும். ஆகலின் ஓர் இனத்தின் பெயரிடு முறையை அறிய விரும்புவோர் அவ்வினத்தார் எழுதிய வரலாற்று நூல்களை மட்டுமன்றி, அவர்கள் பொழுதுபோக்காகப் படைக்கும் விளையாட்டுகளையும் நோக்குதல் தகும். எண்ணாமல் செய்யுமிடத்தே இயல்பு வெளிப்படும் அன்றோ!

அமெரிக்க நாட்டு வில் இரைட்டு என்பார் வகுத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி சிம்சு' என்னும் கணினி விளையாட்டில் போர் இல்லை, பகைவர் இல்லை. ஒரு குடும்பத்தைப் படைத்து, அதற்கு வீடு கட்டி, அக்குடும்பத்தாரை உண்ணவும் உறங்கவும் வேலைக்குச் செல்லவும் செய்து பார்ப்பதே ஆட்டம். குடும்பத்தைப் படைக்கப் புகுவோரிடம் அது குடிப்பெயரைக் கேட்கிறது. அதன்கீழ்தான் ஒவ்வொருவர்க்கும் இயற்பெயர். ஆக்கியோரே படைத்து வைத்த குடும்பங்களுள் பலரும் அறிந்தது கோத்துக் குடும்பம். அதன் தலைவர் மார்ட்டிமர் கோத்து. கோத்து என்பது குடிப்பெயர் என்பது வெளிப்படை. மார்ட்டிமரோ எனின், அதுவும் குடிப்பெயரே! பிரஞ்சு நாட்டு நார்மண்டிப் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. 'செத்த நீர்', அஃதாவது ஓடாது தேங்கிய நீர் என்பது அதன் பொருள். அங்கிருந்து இங்கிலாந்து புகுந்த பெருங்குடியினர் ஊர்ப்பெயரைக் குடிப்பெயராகக் கொண்டனர். பல நூற்றாண்டுகட்குப் பின் அது பிள்ளைகட்கு இடும் பெயராயிற்று. ஆக, திரையில் நடமாடும் அம்மனிதர்க்குக் குடிப்பெயர் இரண்டு உண்டு. தமக்கென ஒரு பெயர் இல்லை.

இவ்வழக்கம் விளையாட்டை ஆக்கியோர் கண்டுபிடித்ததன்று. ஆங்கிலேயரிடையே அது 16ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டியது. ஒன்பது நாள் அரசி எனப்படும் சேன் கிரேயின் கணவன் பெயர் கில்போர்டு தட்லி. அவன் 1554இல் தலை வெட்டப்பட்டு இறந்தான். கில்போர்டு என்பது அவன் தாய் பிறந்த குடியின் பெயர். திருமணத்தால் பெண் இழக்கும் குடிப்பெயரை மகன் தலையில் ஏற்றி வைத்து, அக்குடியின் செல்வத்தையும் செல்வாக்கையும் நினைவூட்டுவது பெருங்குடியினர் வழக்கமாயிற்று. பிற்காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது பெரிதும் வேரூன்றியது. பின்னர்க் குடித்தொடர்பே இல்லாதாரும் ஓசையின்பம் கருதி அவ்வாறு பெயரிடலாயினர். மேசன் என்றால் கல்தச்சன். கூப்பர் என்றால் மிடா செய்பவன். கார்ட்டர் என்றால் வண்டியோட்டி. டைலர் என்றால் கூரைக்கு ஓடு வேய்பவன். இவையெல்லாம் ஒரு காலத்துத் தொழிலாளியைக் குறித்து, அடுத்த காலத்து அவன் வழியினரைக் கட்டி, இக்காலத்துத் தொட்டிலில் கிடக்கும் குழவியின் பெயராகிவிட்டன. அங்கே அப்பெயர்களைச் சூடுவோர்க்கு அவற்றின் பொருள் நினைவிலும் இல்லை.

பொருள் மறந்தமை எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு ஒரு சான்று போதும். பாரிசு நகரத்துக் குழுமம் ஒன்று ஆக்கி 2010இல் வெளியிட்ட 'எவி ரெயின்' என்னும் விளையாட்டின் கதை அமெரிக்காவில் நிகழ்வது. அதில் காவல் அலுவலர் ஒருவர் கார்ட்டர் பிளேக்கு; துப்பறிவார் ஒருவர் சுகாட்டு செல்பி; செய்தியாளரான பெண்ணொருத்தி மேடிசன் பேய்சு. மேடிசன் என்னும் சொல்லின் இறுதியில் நிற்கும் 'சன்' மகனைக் குறிப்பது. 'மாட்டு' என்பாளின் மகன் என்றோ, 'மேத்தியு' என்பானின் மகன் என்றோ அதற்குப் பொருள் கூறுவர். மகன் என்னும் சொல்லை இறுதியிற் கொண்ட பெயரை ஒரு பெண் எவ்வாறு பெற்றாள்? அமெரிக்கக் குடியரசின் நான்காம் தலைவர் சேம்சு மேடிசனின் பெயரால் நியூயார்க்கில் ஒரு தெரு வழங்குகிறது. 1984இல் வெளிவந்த 'சுபிளாசு' என்னும் திரைப்படத்தில் கடலினின்று வரும் நீர்மகள் அத்தெருப் பலகையைக் கண்டு, அதையே தன் பெயராகக் கொள்கிறாள். அங்கே அது நகைப்புக்காகச் சொல்லப்பட்டது. ஆனால் 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெண் குழந்தைகட்கு மிகுதியாக இடப்பட்ட பெயர்களின் வரிசையில் மேடிசன் இரண்டாம் இடத்தில் நின்றது! நகைப்பு வழக்காயிற்று, வழக்கு விளையாட்டிலும் ஏறியது.

சப்பானியர் செய்தி இதனினும் சுவையுடையது. 1992இல் அவர்கள் படைத்த உருண்டை வடிவான ஆட்டமாந்தன் ஒருவனுக்குக் கிர்பி என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் நிண்டெண்டோ குழுமத்துக்காக நெறிமன்றத்தில் வாதாடி வென்ற சான் கிர்பி என்னும் அமெரிக்க வழக்கறிஞரின் நினைவும் அப்பெயர்த் தெரிவுக்குக் கரணியம் என்பர். அவருடைய இயற்பெயரை விட்டுவிட்டுக் குடிப்பெயரைத்தான் எடுத்துக்கொண்டனர். அச்சொல்லோ பழைய நார்சு மொழியில் வழிபாட்டிடம் அமைந்த ஊரைக் குறிப்பது. நம் கோயிலூர் என்னும் பெயரை ஒரு பந்துக்கு இட்டாற் போன்றது அது. இன்னொன்று: 1990களின் நடுவில் அமெரிக்கத் தளக்கட்டுப் பந்தாட்டத்தைப் படிவமாகக் கொண்ட விளையாட்டு சப்பானில் வெளியிடப்பட்டபோது, உண்மை ஆட்டக்காரரின் பெயர்களை ஆள அங்கு உரிமம் இல்லை. ஆகவே பெயர்களைத் தாமே புனைந்தனர். அவற்றுள் ஒன்று பாப்சன் டக்நட்டு. 'சன்' என முடிவது குடிப்பெயரின் இலக்கணம் என்பதை அறியாது அதனை இயற்பெயரின் வாலில் ஒட்டிவிட்டனர். அமெரிக்கர் இன்றும் அப்பெயரைச் சொல்லி நகைக்கின்றனர். பிறமொழிப் பெயரின் உள்ளமைப்பு அறியாமல் ஓசையை மட்டும் கொள்வார்க்கு நேர்வது இது. நகைக்கும் அவர்களோ, மகன் என்னும் ஈற்றைப் பெண்ணுக்குச் சூட்டியவர்கள்!

இனி, கணினி விளையாட்டில் குடிப்பெயர் முதன்மை பெறுவதற்குத் தொழில்நுணுக்கம் சார்ந்த ஒரு கரணியமும் உண்டு. கனடா நாட்டார் ஆக்கி 2007இல் வெளிவந்த 'மாசு எஃபெக்டு' என்னும் விண்வெளி விளையாட்டில் தலைமை மாந்தரின் இயற்பெயரை ஆடுவோர் தம் விருப்பம்போல் இட்டுக்கொள்ளலாம். குடிப்பெயர் மட்டும் செப்பர்டு என்றே நிற்கும். 1961இல் விண்ணேகிய முதல் அமெரிக்கர் ஆலன் செப்பர்டின் நினைவாக இட்ட பெயர் அது. பிற மாந்தர் பேசும் உரைகளெல்லாம் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. ஆடுவோர் எண்ணும் ஆயிரமாயிரம் பெயர்களைப் பதிவு செய்து வைத்தல் இயலாது. ஆகையால் ஆடுபவன் தன் பெயரை எழுதினாலும், அவனை எல்லாரும் செப்பர்டு என்றே விளிப்பர். செப்பர்டு என்பது ஆயன் என்னும் பொருளது. 2015இல் வந்த 'பால்அவுட்டு 4' என்னும் விளையாட்டில் ஏறத்தாழ 1000 பெயர்களை ஒலிப்பதிவு செய்து, ஓர் இயந்திரப் பணியாளன் வாயால் அழைக்க வைத்தனர். பட்டியலில் இல்லாப் பெயருடையாரை அவ்வியந்திரம் பொதுவான மதிப்புச் சொல்லால் அழைக்கும். பெயர் எழுதலாம், ஆனால் ஒலிக்காது. ஆங்கிலம் ஆளும் அவையில் தமிழ்ப்பெயர் படும் பாடு இதுவே எனலாம்.

குடிப்பெயர் என்பது மாந்தர்க்கெல்லாம் பொதுவானது என்னும் எண்ணமே இத்தகைய கட்டங்களின் அடியில் கிடக்கிறது. அது பொய். சப்பானியப் பொதுமக்கள் குடிப்பெயர் கொண்டே ஆகவேண்டும் என்று அவர்தம் அரசு 1875இல்தான் ஆணையிட்டது. துருக்கியில் அச்சட்டம் வந்தது 1934இல். பிலிப்பைன்சு மக்கட்கு 1849இல் இசுபானிய ஆளுநர் கிளாவெரியா ஒரு பட்டியலைக் கொடுத்து அதிலிருந்து குடிப்பெயர் எடுத்துக்கொள்ளச் செய்தார். வரி தண்டவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுகட்கு அது ஏந்தாக இருந்தது. ஐசுலாந்தார் இன்றும் பெரும்பாலும் தந்தை பெயரையே ஒட்டிக்கொள்கின்றனர். பர்மியர்க்குக் குடிப்பெயர் இல்லை. சாவகத்தார் பலர்க்கு ஒற்றைப் பெயரே.

தமிழர்க்கோ இவ்வகையில் எவரிடமும் கையேந்த வேண்டாத முறை தொன்றுதொட்டு உண்டு. சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் எனப்பட்டான். தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நின்றன. அதைவிட வியப்பு, ஆதனுக்குத் தந்தை ஆந்தை எனவும், பூதனுக்குத் தந்தை பூந்தை எனவும் மகன் பெயரால் தந்தை வழங்கப்பட்டமை. தொல்காப்பியம் இச்சொற்கள் புணரும் வகைக்கு விதியே வகுத்துள்ளது. ஆங்கிலேயர் தந்தையின் பெயரை மகன்மேல் சுமத்தினர். தமிழர் மகனால் தந்தைக்குப் பெயர் வரக் கண்டு மகிழ்ந்தனர். முல்லைப்பாட்டின் ஆசிரியரை நோக்குக: காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தந்தையின் தொழில், உறவு, கடைசியாகத் தன் பெயர்! மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பாரையும் இவ்வரிசையில் வைத்தெண்ணலாம். கூப்பர், மேசன் போலத் தொழிற்பெயர்கள் இங்கும் உண்டு. ஆயின் அவை இயற்பெயரை விழுங்கவில்லை. கூலவாணிகனின் பெயரனைக் கூலவாணிகன் என்றே அழைத்தாக வேண்டும் என்னும் கட்டாயம் பெயரில் இல்லை. பின்னர்ச் சாதிப்பட்டங்கள் பெயரின் வாலாக ஒட்டிக்கொண்ட கேட்டினை 1929இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு அறுத்தெறிய முடிவு செய்தது. பட்டம் துறந்து, தந்தையின் முதலெழுத்தை மட்டும் முன்னிறுத்தும் வழக்கம் தமிழகத்தில் நிலைத்தது. உலகில் வேறெந்த இனம் தன் பெயரின் வாலைத் தானே வெட்டிக்கொண்டது?

தமிழரும் குற்றமற்றவர் அல்லர். தலைவர்கள்பால் கொண்ட அன்பினால் பிள்ளைகட்குக் காந்தி, நேரு, போசு, கென்னடி என்று பெயரிட்டோர் எண்ணற்றோர். இவை யாவும் பிறருடைய குடிப்பெயர்கள். காந்தி என்பது குசராத்தியில் வணிகத் தொழில் பற்றி வந்தது. நேரு என்பது வாய்க்காலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. தில்லியில் வாய்க்காற் கரையில் வாழ்ந்தமையால் கவுல் என்னும் குடியினர்க்கு அப்பெயர் ஒட்டியதென அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். போற்றப்பட்டவரின் சொந்தப் பெயர் மோகன்தாசு, சவகர்லால் என்பதாயிருக்க, அதனை விடுத்து அவர்தம் குடியின் பெயரைச் சூட்டியது, மார்ட்டிமர் என்று பெயரிட்ட அமெரிக்கர் செயலுக்கு எவ்வகையில் வேறு? அன்பு உயர்ந்ததே, பெயர்தான் பிழை.

இவையெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளுவார் உளர். அவர்கள் கடவுச்சீட்டு ஒன்றைத் திறந்து பார்க்கட்டும். ஒற்றைப் பெயருடையார்க்கு அமெரிக்க நுழைவுரிமத்தில் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் அறியப்படவில்லை' என்பதன் குறுக்கம் அச்சாகிறது. பெற்றோர் ஆய்ந்து இட்ட பெயர் குடிப்பெயர்க் கட்டத்தில் போய் விழ, அவர் பெயரறியாதவர் ஆகிறார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு, கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையாரைச் சுற்றுலா நுழைவுரிமத்தில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. சதுரங்கத்தில் உலகை வென்ற ஆனந்தை உலகம் 'விசி' என்று அன்பொழுக அழைக்கிறது. அது அவர் தந்தையார் விசுவநாதன் பெயரின் சிதைவு. வென்றவர் மகன், ஒலிப்பது தந்தையின் பெயர்.

இத்தகைய கட்டங்களின் முன் தமிழ்ச் சிறுவன் முதன்முதலாக அமர்வது கடவுச்சீட்டு அலுவலகத்தில் அன்று; கணினி விளையாட்டில். பத்து அகவையில் அவனிடம் திரை குடிப்பெயரைக் கேட்கிறது. இல்லை என்று சொல்ல அதில் இடமில்லை. அவன் ஏதேனும் ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். தந்தை பெயரை எழுதினால் அது அவன் படைக்கும் மனைவிக்கும் மக்களுக்கும் பாட்டிக்கும் பொதுவாகிவிடும். திரைப்படத்திற் கேட்ட வடவர் பட்டம் ஒன்றை எழுதுவான். அன்றி, வீட்டில் எவரோ சொல்லக் கேட்ட சாதிப்பட்டத்தை எழுதுவான். 1929இல் வாயிலில் துரத்தியது விளையாட்டின் சாளரம் வழியே உள்ளே வருகிறது. அவன்மேல் குற்றமில்லை, கட்டத்தை வகுத்தவன் தன் நாட்டை மட்டும் அறிந்தவன்.

தமிழ் இளைஞர் பலர் இன்று உலகெங்கும் இத்தகைய விளையாட்டுகளை ஆக்கும் குழுமங்களில் பணியாற்றுகின்றனர். குடிப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடவும் ஆட்டம் தொடங்கும்படி செய்தல் அவர்கட்குச் சில வரி வேலை. ஆடுவோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கட்டம் கட்டாயமாயின் அதில் ஊர்ப்பெயரை எழுதலாம். ஒக்கூர், பிசிர், பூங்குன்றம், சீத்தலை என ஊரைப் பெயரோடு சேர்த்தது நம் புலவர் வழக்கே. ஒரு வீட்டில் வாழும் அனைவர்க்கும் ஊர் பொதுவாகலின், 'தி சிம்சு' கேட்கும் குடும்பப் பெயருக்கு அது முற்றும் பொருந்தும். ஆங்கில ஒழுங்குப்படி அவ்வூர் பெயருக்குப் பின்னே நிற்குமே எனின், நிற்கட்டும். இளவேட்டன் மதுரை என்று திரையில் எழுந்தாலும், அவன் மதுரை இளவேட்டன் என்பதைத் தமிழறிந்த சிறுவன் திருப்பிப் படித்துக்கொள்வான்.