மருந்துக்கு உண்டு கணக்கு

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது லெபனானில். காய்ச்சல் வந்தது சென்னைக்கு. கரூர் நிறுவனம் ஒன்று தென்கொரியாவிலிருந்து தருவித்து, 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்து, மணலியில் 37 கன்டெய்னர்களில் ஐந்து வருசமாகக் கேட்பாரற்றுக் கிடந்த 697 டன் அதே உப்பு, அன்றைக்குத்தான் எல்லார் கண்ணிலும் பட்டது. சில நாட்களிலேயே லாரிகள் ஐதராபாத்துக்குக் கிளம்பின. மறுவருசம், 2012ஆம் ஆண்டின் அம்மோனியம் நைட்ரேட் விதிகளையே ஒன்றிய அரசு திருத்தியது. இனி மூட்டையில்தான் இறக்குமதி. துறைமுக எல்லைக்கு 500 மீட்டர் தள்ளித்தான் கிட்டங்கி. பறிமுதலான சரக்கை முடக்கிவைக்காமல் ஏலத்தில் விடவேண்டும்.

நல்ல காரியம். குறை சொல்லவில்லை. ஒரு சாவுகூட விழாத மணலிக்காக, எங்கோ கடல்தாண்டி நடந்த ஒரு விபத்தைப் பார்த்து அரசு எந்திரம் இவ்வளவு வேகமாக அசையமுடியும் என்பதை மட்டும் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதே 2021இல், பிப்ரவரி 12ஆம் தேதி, நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில், சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கரிக்கட்டையானார்கள். அதற்கு முன்னால் 1991இல் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நாற்பது பேரளவில். அப்புறம் 2023இல் ரெங்கபாளையம், 2024இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. வரிசையாகப் படித்தால் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல இருக்கிறது.

விதி இல்லாமலா இது நடக்கிறது? விதிக்கு ஒரு குறைச்சலும் இல்லை. 1884ஆம் வருசத்து வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2008ஆம் வருச விதிகள் இருக்கின்றன. நாக்பூரில் தலைமையகம் வைத்து, பெசோ என்று சுருக்கிச் சொல்லப்படுகிற பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. சிவகாசியிலேயே அதற்கு ஆபீஸ் உண்டு. வெடிபொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமானால் தனி லைசென்ஸ், துறைமுக அதிகாரிக்கு முன்கூட்டியே தகவல், பத்திரம் காட்டாமல் ஒரு பெட்டிகூட இறக்கமுடியாது. வெளிநாட்டுப் பட்டாசு இறக்கவோ லைசென்ஸே கொடுப்பதில்லை. 2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேறு சரக்கு என்று எழுதி, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சுமார் 5 கோடி ரூபாய்ச் சீனப் பட்டாசைப் பிடித்தார்கள். ஆளையும் பிடித்தார்கள். கடலில் வருகிற மருந்தை அரசுக்குப் பார்க்கத் தெரியும். எண்ணத் தெரியும். எடைபோடத் தெரியும்.

அந்த மருந்து நம்ம மதினி கைக்கு வந்து சேருகிற இடத்தில்தான் கண் அவிந்துபோகிறது.

இது தற்செயல் இல்லை. 1884இல் வெள்ளைக்காரன் இந்தச் சட்டத்தை எழுதியபோது அவன் கவலையெல்லாம் கப்பல், கிட்டங்கி, ரோடு, பட்டாளத்து லயன். சரக்குக்குச் சேதம் வரக்கூடாது, சரக்கால் சர்க்காருக்குச் சேதம் வரக்கூடாது. மருந்தைக் குழைக்கிறவள் அந்தக் காகிதத்தில் ஓர் ஆளாக இல்லை. ‘ஓர் அறையில் இத்தனை பேர்’ என்கிற எண்ணாக இருக்கிறாள். (இன்னொன்றும் சொல்லவேண்டும். எட்டு வருசம் கழித்து, 1892இல், அதே வெள்ளைக்காரன் நமக்கு நிலம் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டான். பஞ்சமி நிலம். 1884ஆம் வருசத்துக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் 1892ஆம் வருசத்துக் காகிதத்தை எங்கே தொலைத்தார்கள்? அந்த நிலம் கையில் இருந்தால் விடியக்கருக்கலில் ஆலை வண்டிக்கு ஓடவேண்டிய அவசியம் பாதிப்பேருக்கு இருந்திருக்காது.)

மருந்து என்ன செய்யும் என்பதை நம் மாணவர்கள் வேதியியல் புத்தகத்திலேயே படிக்கிறார்கள். வெடியுப்பு ஆக்சிஜனைக் கொடுக்கும், கந்தகம் பற்றும், அலுமினியப் பொடி வெளிச்சமும் சத்தமும் தரும். மூன்றையும் சேர்த்துவிட்டால் நெருப்பு வேண்டியதில்லை. ஒரு உரசல் போதும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்க்கவே கூடாது என்று 1992இலேயே தடை போட்டதும் அதனால்தான். ஆகவே விதி சொல்கிறது: இரும்புச் சாமான் கூடாது, நைலான் சேலை கூடாது, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கத் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போ, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காராதே, குழைத்த மருந்தை அன்றைக்கே செலவழி, மிச்சத்தை அழித்துவிடு, ராத்திரி வைக்காதே. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அலுமினியம் கலந்த மருந்து ஈரம்பட்டு இருந்தால் தானாகவே சூடேறும். முந்தின நாள் மிச்சம்வைத்த மருந்தை மறுநாள் காலையில் தொட்டபோது வெடித்தது என்று பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்.

சரி, ஏன் மிச்சம் வைக்கிறார்கள்? பொம்பளைகளுக்குப் புத்தி இல்லையா? கூலி பீசுக்கு. இத்தனை குழாய் அடைத்தால் இத்தனை ரூபாய். மிச்ச மருந்தைக் கொட்டி அழித்தால் நட்டம் போர்மேனுக்கு. காலையில் புது மருந்து குழைத்துவரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் நட்டம் அவளுக்கு. தீபாவளி ஆர்டர் நெருங்கினால் நாலு பேர் அறையில் எட்டுப் பேர். அறை போதாவிட்டால் மரத்தடி. மணிமருந்து காய்கிற மேடைக்குப் பக்கத்திலேயே கஞ்சி குடிக்கிறார்கள். கூலி முறையே விதியை மீறும்படி கட்டப்பட்டிருக்கும்போது, சுவரில் விதியை எழுதிவைத்து என்ன புண்ணியம்?

வெடித்ததும் பத்திரிகைக்காரன் எழுதுகிறான்: ‘உராய்வு காரணமாக’. இந்தச் சொல்லை நிறுத்திப் பார்க்கவேண்டும். உராய்வுக்குச் சாதி இல்லை, லைசென்ஸ் இல்லை, பேங்க் கணக்கு இல்லை. உராய்வைக் கைதுசெய்ய முடியாது. உராய்வு நடந்தது யார் கையில்? செத்தவள் கையில். ஆக, குற்றவாளியும் அவளே. ஒற்றைச் சொல்லில் விசாரணை முடிந்துவிடுகிறது.

அடுத்தது குத்தகை. இந்தப் பக்கத்தில் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று பெயர் எல்லார் வாயிலும் புழங்கும். ஒருநேரத்தில் 15 கிலோ மருந்து வரைக்கும் மாவட்ட நிர்வாகம், அதற்கு மேலே சென்னை, ஆகப் பெருசுக்கு நாக்பூர். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். அவர் ஆலையை இன்னொருவருக்கு விடுவார். அவர் அறை அறையாகப் பிரித்து நாலைந்து பேருக்கு உள்குத்தகை விடுவார். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு முதலாளி, நாலு மருந்து, நாலு அவசரம். இது சட்டவிரோதம். அச்சங்குளத்தில் இதுதான் நடந்தது. செங்கமலப்பட்டியிலும் குத்தகைதான் என்று செய்தி வந்தது. முதலிப்பட்டி ஆலைக்கு விதிமீறலுக்காக லைசென்ஸே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போதே எழுதினார்கள். சட்டவிரோதம் என்பதன் நிஜமான பலன் யாருக்கு? வெடித்தபிறகு, செத்தவளுக்கு முதலாளி யார் என்று கேட்டால் பதில் இருக்காது. லைசென்ஸ்காரர் ‘நான் குத்தகைக்கு விட்டுட்டேன்’ என்பார். குத்தகைக்காரர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவளுடைய பெயர் வருகைப் பதிவில் இல்லை. இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து அச்சங்குளத்தில் செத்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று 2021இல் உத்தரவு போட்டது. தீர்ப்பாயத்தின் கண்ணில் படாத சாவுகளுக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து சில லட்சம், ஒரு போட்டோ.

தண்டனை? 1884ஆம் வருசத்துச் சட்டத்தின் 9பி பிரிவைப் படித்துப் பாருங்கள். விதியை மீறி வெடிபொருள் தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ மூன்று வருசம்வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ‘அல்லது’வில்தான் முதலாளி குடியிருக்கிறார். 1908ஆம் வருசத்தில் இன்னொரு வெடிபொருள் சட்டம் உண்டு. அது கலகக்காரர்களுக்காக எழுதப்பட்டது. சந்தேகப்படும்படி கையில் வைத்திருந்தாலே அதில் பத்து வருசம்வரை உள்ளே போகலாம். சேரிப் பையன் வீட்டில் பிடிபட்டால் எந்தச் சட்டம், ஆலை முதலாளி அறையில் வெடித்தால் எந்தச் சட்டம் என்று விளக்க வேண்டியதில்லை. 2024இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக ஒரு மசோதாவின் வரைவு வெளியானது. அபராதத்தைக் கூட்டுவதில் அதற்கு ஆர்வம். கூலியைப் பற்றியும் குத்தகையில் மாட்டியவளைப் பற்றியும் பேச அதற்கு வாயில்லை.

இதை எழுதுகிறவன் ஒரு வங்கி எழுத்தன். சரக்கை ஈடாக வைத்துக் கடன் வாங்குகிற எந்த யாவாரமும் மாசாமாசம் கையிருப்புப் பட்டியல் கொடுக்கவேண்டும். சரக்குக்குத் தீ இன்சூரன்ஸ் இருக்கவேண்டும், அதில் வங்கியின் பெயரும் ஏறவேண்டும். ஒருநாள் இன்சூரன்ஸ் விட்டுப்போனாலும் மேனேஜருக்குத் தூக்கம் வராது. அட்டைப்பெட்டிக்கும் காகிதக்குழாய்க்கும் பட்டியலில் வரி உண்டு. அவற்றை அடைக்கிறவர்களுக்கு எந்தப் பாரத்திலும் ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத உயிரை யார் ஈடுகட்டுவது?

சாதிக்கு வருவோம். வெடியில் செத்தவர்கள் எல்லாம் தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை. மீனம்பட்டியிலும் முதலிப்பட்டியிலும் எல்லாச் சாதி ஏழைகளும் செத்திருக்கிறார்கள். பொய் சொல்லி இயக்கம் வளர்க்கவேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சாதி கேட்கிற, சர்டிபிகேட்டுக்கு நடையாய் நடக்கவிடுகிற இந்த அரசு, ஆலை வெடிப்பில் செத்தவர்களின் கணக்கைச் சாதிவாரியாக எங்கேயாவது வெளியிட்டிருக்கிறதா? நாங்கள் பார்த்ததில்லை. அச்சிட்ட டப்பாவில் லேபிள் ஒட்டுவதும் பட்டாசு வேலைதான், மருந்து குழைப்பதும் பட்டாசு வேலைதான். லேபிள் அறையில் யார், மருந்து அறையில் யார்? லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் நம்மவர் எத்தனை பேர்? தனித்தொகுதி என்று பெயர் வாங்கிய சங்கரன்கோவிலில் இந்தக் கேள்வியைச் சட்டசபைக்குக் கொண்டுபோக ஓர் ஆளில்லை.

ஆலைகளை இழுத்து மூடு என்கிற தோழர்களும் நம்மிடையே உண்டு. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது, டெல்லிக்காரன் நுரையீரலுக்காக நம்ம சனம் பட்டினி கிடக்கவேண்டுமா என்று முதலாளிமார் நம் பேரைச் சொல்லி அழுதார்கள். அந்த அழுகையையும் நம்பவேண்டாம், மூடச்சொல்வதையும் அவசரப்பட்டுச் சொல்லவேண்டாம். திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் மழை பொய்த்தால் ஆலை வண்டிதான் விவசாயம். மாற்று நிலமோ மாற்று வேலையோ கையில் வைத்துக்கொண்டு மூடச்சொல்லலாம்.

பீஸ் கூலி ஒழிந்து நாள் கூலி வரவேண்டும். மருந்து அறைக்குள் போகிற ஒவ்வொருவர் பெயரும் லைசென்சோடு சேர்ந்த பதிவேட்டில் அன்றன்றைக்கு ஏறவேண்டும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலாளி காரில் வராமல், தொழிலாளர்களின் ஆளோடு வரவேண்டும். 500 மீட்டர் அளக்கத் தெரிந்த அரசுக்கு இதுவும் தெரியும்.

அதுவரை கணக்கை நாமே எடுப்போம். ஆடித்தபசுக்கு ஊர் திரும்புகிற கல்லூரித் தோழர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தெருவில், பக்கத்துச் சேரிகளில், ஆலை வண்டி ஏறுகிறவர்களைக் கேளுங்கள்: எந்த ஆலை, எந்த அறை, பீசுக்கு என்ன கூலி, பெயர் பதிவில் இருக்கிறதா, குத்தகைக்காரர் யார். காயம்பட்டவர்கள், செத்தவர்கள், எந்த வருசம், நிவாரணம் வந்ததா. மேஸ்திரிகள் காதில் விழாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்பது நல்லது. சொல்கிறவர் பெயரை எழுதவேண்டாம், வேலை போய்விடும். நோட்டுகளை ஆவணி கடைசிக்குள் இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.