தண்ணியில்லாக் காடு

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!" அரசு வேலை பார்த்தவர்கள் ஒரு முறையாவது இதைக் கேட்டிருப்பீர்கள். குற்றாலச் சாரலில் பழகிய தென்காசிக்காரர்களுக்கு இந்த மிரட்டல் கூடுதலாகவே உறைக்கும். மெமோவுக்கு அசையாத ஆட்கள்கூட, பிள்ளைகளின் படிப்பையும் வயதான பெற்றோரையும் நினைத்து, மாறுதல் என்றதும் அடங்கிப்போனதை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீதிபதிகளுக்கு அப்படியொரு பயம் கூடாது என்றுதான் அரசியல் சாசனம் வேலி போட்டிருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் சட்டமன்றத்தில் ஓட்டுக்கு வராது. பணியில் அவர் நடந்துகொண்ட விதத்தை அங்கே விவாதிக்கவும் முடியாது. பதவி நீக்கத்துக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவு வேண்டும். 1993-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு மக்களவையில் 196 பேர் ஆதரவு; எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. ஆளும் காங்கிரஸ் ஓட்டுப் போடாததால் தீர்மானம் தோற்றது. முன்வாசல் பூட்டு அவ்வளவு கெட்டி.

கொல்லைக் கதவோ 222-ஆவது பிரிவு. அதன்படி உயர் நீதிமன்ற நீதிபதியை வேறு மாநிலத்துக்கு மாற்றலாம். நெருக்கடி நிலையின்போது 1976-இல் 16 நீதிபதிகள் அப்படி மாற்றப்பட்டார்கள். மாற்றுவதற்கு நீதிபதியின் சம்மதம் தேவையில்லை என்று 1977-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இப்போது பரிந்துரை செய்வது மூத்த நீதிபதிகளின் கொலீஜியம்.

2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தஹில்ரமானியை மேகாலயாவுக்கு மாற்றப் பரிந்துரைத்தார்கள். மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை, ராஜினாமா செய்தார். 2021-இல் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், அதே மேகாலயாவுக்குப் போனார். 75 நீதிபதிகளுக்கு இடமுள்ள மன்றத்திலிருந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய மன்றத்துக்கு! மேகாலயாவில் மழைக்குப் பஞ்சமில்லை. என்றாலும் பார்க்கிறவர்களுக்கு அது தண்ணியில்லாக் காடாகத்தானே தெரியும்?

மாறுதலே கூடாது என்று சொல்ல மாட்டேன். உள்ளூர்ச் சொந்தபந்தம் இல்லாத நீதிபதியால் நன்மையும் உண்டு. ஆனால் சம்மதமில்லாத மாறுதலுக்கு எழுத்துப்பூர்வமான காரணம் வெளியே வரவேண்டும்.

நம் பென்ஷன் வழக்குகள் மதுரைக் கிளைக்குத்தான் போகின்றன. எதிர்த்தரப்பு பெரும்பாலும் அரசு. அங்கே உட்கார்ந்திருப்பவர் பெட்டி கட்டும் கவலையில்லாமல் தீர்ப்பு எழுத வேண்டும். அது அவருக்கான சலுகை அல்ல, நமக்கான பாதுகாப்பு.