ரத்னவேல் ஹீரோவான கதை: ஓடிடி-க்கு வந்த சாதிப் படங்கள், ஒரு மதிப்பாய்வு

"படம் ஓடிடி-யில வந்துடுச்சு தோழர், இனிமே ஊரே பார்க்கும், ஊரே திருந்தும்" என்று நம்புகிறவர்களுக்காக இந்தப் பதிவு. ஊர் பார்த்தது உண்மை. என்னத்தைப் பார்த்தது என்பதுதான் கேள்வி.

தியேட்டரில் படத்தை நிறுத்த முடியாது. பிடிக்காத காட்சி வந்தால் அதிகபட்சம் பாப்கார்ன் வாங்கப் போகலாம். வீட்டில் ரிமோட் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் வீட்டிலேயே அதிகாரம் உள்ளவர்தான் வைத்திருப்பார். சாதியை எதிர்த்து எடுத்த படம், சாதி பத்திரமாக உட்கார்ந்திருக்கும் வரவேற்பறைக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் அதற்கு என்ன ஆகிறது?

பரியேறும் பெருமாள் (2018). கருப்பியை ரயில் தண்டவாளத்தில் கட்டிப்போட்டதும் குடும்பமே கண் கலங்கும். "வாயில்லா ஜீவன்யா, பாவம்." பரியனின் அப்பாவின் வேட்டியை உருவி ஓடவிடும் காட்சி வரும்போது, வாயுள்ள அதே குடும்பத்துக்குச் சட்டென்று தாகம் எடுக்கும், ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். வீட்டு மதிப்பெண்: நாய்க்கு ஐந்துக்கு ஐந்து. அப்பாவுக்கு, 'கொஞ்சம் ஓவர்'.

சார்பட்டா பரம்பரை (2021). கொரோனா காலத்தில் நேரடியாக வீட்டுக்கே வந்த படம். மறுநாளே எல்லாரும் குத்துச்சண்டை நிபுணர்கள். டான்ஸிங் ரோஸ் மாதிரி ஆடாத பையன் இல்லை. கபிலனை ஏன் மேடை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், "அது பரம்பரைச் சண்டை சார்" என்பார்கள். எந்தப் பரம்பரை என்று கேட்டால் காலை ஆட்டிக் காட்டுவார்கள்.

ஜெய் பீம் (2021). 1993-ல் ராஜாக்கண்ணு கம்மாபுரம் போலீசாரின் சித்திரவதையில் கொல்லப்பட்ட வழக்கை வைத்து எடுத்த படம். லாக்கப்பில் மனிதர்களை அடித்தே கொல்கிறார்கள். சிறை வாசலில் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்துகிறார்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் கண்டுபிடித்தது, சுவரில் தொங்கிய காலண்டரை! அதிலிருந்த அக்னி கலசம் தங்கள் சாதி அடையாளம் என்று எதிர்ப்பு கிளம்பியது. படம் வெளியான பிறகு அந்தக் காலண்டரை மாற்றினார்கள், லட்சுமி வந்தாள். ஓடிடி-யின் வசதி இது. லாக்கப்பை மாற்ற எத்தனை வருஷம் ஆகுமோ, காலண்டரைச் சில நாளில் மாற்றிவிடலாம்.

மாமன்னன் (2023). இதுதான் நம் பட்டியலின் உச்சம். ஜூன் 29-ல் தியேட்டரில் வந்தபோது பேச்சு முழுக்க அந்த நாற்காலியைப் பற்றி. எம்.எல்.ஏ.வான மாமன்னன் ஏன் உட்காராமல் நிற்கிறார், அப்பாவை உட்கார வைக்க மகன் ஏன் சண்டை போட வேண்டியிருக்கிறது என்று விவாதித்தோம். ஜூலை 27-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. சில நாளில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேல் ஊர் ஊராக ஹீரோவாகிவிட்டார். வில்லனின் காட்சிகளை வெட்டி, அடியில் சாதிப் பெருமைப் பாட்டு ஒட்டி, வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். தமிழ்நாட்டின் எல்லா ஆதிக்க சாதிகளும் அவரைத் தங்கள் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடின. சமத்துவபுரம்கூடச் சாதிக்காத ஒற்றுமை இது!

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன் இந்த ரத்னவேல். கருப்பிக்காக அழுத கண்ணீர் எங்கே போச்சு? நாயும் நம்முடையதாக இருந்தால்தான் பாவம் போல.

இந்தச் சிரிப்பு எனக்கு ஓர் இடத்தில் நின்றுபோகிறது. அந்த ஸ்டேட்டஸ்கள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான், 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரின் வீட்டுக்குள் புகுந்து, அவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். வீடியோதான் அரிவாளைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. அரிவாள் சினிமாவுக்கு முன்பே இருந்தது. ஆனால் அதே வயதுப் பையன்கள்தான் அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 'கெத்து' என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் மன்னிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு பள்ளி, கல்லூரிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த ஒருநபர் குழு யாருடையது தெரியுமா? ஜெய் பீமில் சூர்யா நடித்த வழக்கறிஞர் பாத்திரத்துக்கு மூலமான நீதியரசர் சந்துருவுடையது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றைக் கத்தரித்துவிடலாம். முப்பது நொடி வீடியோவை எந்தச் சுற்றறிக்கை கத்தரிக்கும்?

இதற்காகப் படமே வேண்டாம், ஓடிடி-யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தியேட்டர் பக்கமே போக முடியாத நம் அம்மாக்களும் அக்காக்களும் இந்தப் படங்களை ஃபோனில்தான் பார்த்தார்கள். அது பெரிய விஷயம். படம் தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி வேலையையும் அதன் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

விடுதியிலோ மாலை நேர வகுப்பிலோ படம் போடுகிற தோழர்களே, 'தி எண்ட்' வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு பிரியாணி பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அரை மணி நேரம் பேசுங்கள். யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்று கேளுங்கள். உன் வீட்டில், உன் வகுப்பில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். கலர் கயிறு கட்டிய பையனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவன் ஃபோனில் ரத்னவேல் ஸ்டேட்டஸ் இருந்தால் இன்னும் நல்லது, பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை, சூடு பண்ணிக்கொள்ளலாம்.