வெயில் கழுவிவிடும் என்ற கதை

"வெயில் படுற தண்ணி கெட்டுப்போகாது" என்பது எங்க லயத்து அம்மாயியின் சித்தாந்தம். அவங்க சொன்னா பரவாயில்ல. படிச்சவங்களும் அதையேதான் சொல்றாங்க: கழிவுநீரில் கலக்கும் ஹோர்மோன்களைச் சூரிய ஒளி உடைத்துவிடுமாம், ஆறு தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளுமாம்.

உடைப்பது உண்மைதான். உடைந்தது அப்படியே கிடக்குமா என்பதுதான் கேள்வி. மாடு கொழுக்க அமெரிக்காவில் ட்ரென்போலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அதன் எச்சம் சாணத்தோடு வெளியேறி நீரில் சேர்கிறது. பகல் வெயிலில் அது வேறு பொருளாக மாறுகிறது, இருட்டியதும் அதில் ஒரு பகுதி பழைய உருவத்துக்கே திரும்புகிறது. 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. அப்போ பட்டப்பகலில் போத்தலில் தண்ணி பிடித்துப் பரிசோதித்து "ஒன்றுமில்லை" என்று எழுதும் அறிக்கைக்கு என்ன பெறுமதி?

கொஞ்சூண்டுதானே என்பார்கள். 2001 முதல் 2003 வரை கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஏரியில், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கோடைதோறும் கலந்து பார்த்தார்கள். லீற்றருக்கு வெறும் 5, 6 நனோகிராம். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருப் புரதம் உருவானது. ஒரு சிறு மீனினம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. அந்த ஏரிக்கும் வெயில் அடிச்சுச்சு.

உடனே "பொம்பளைங்க மாத்திரைய நிப்பாட்டட்டும்" என்று ஒருவர் கிளம்புவார். நிறுத்துங்க. இயற்கை ஈஸ்ட்ரோஜன் ஆண், பெண், மாடு எல்லாருடைய சிறுநீரிலும் போகிறது. தோட்டத்துப் பெண்களின் கருப்பையைப் பற்றி மற்றவர்கள் தீர்மானம் எடுத்த காலம் போதும். பிரச்சினை மாத்திரையில் இல்லை, சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீரில்.

கலைப்பீடத்துக்காரிக்கு இதில என்ன வேலைன்னு கேப்பீங்க. ஸ்பிரிங்வெளியில் மேல் லயத்துக் கான் இறங்குவது கீழ் லயத்துக்காரர் குளிக்கும் ஓடையில்தான். அங்கிருந்து பதுளு ஓயா, துன்ஹிந்த, மகாவலி. துன்ஹிந்தவில் செல்ஃபி எடுப்பவருக்கு அது அருவி, எங்களுக்கு அது எங்க கான் போகும் வழி.

சுவிட்சர்லாந்து 2016இலிருந்து இந்த நுண்மாசுகளை அகற்றச் சட்டம் போட்டு, சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தி வருகிறது. நாங்க அவ்வளவு கேக்கல. லயத்துக்கு ஒழுங்கான மலசலகூடக் குழி வேணும், கான் தண்ணி ஓடையில் விழாமல் இருக்கணும். தண்ணிய சோதிக்க வர்றவங்க ஒருநாளாவது ராத்திரியிலயும் போத்தலோட வரணும்.