நன்கொடைப் பெட்டியும் நிதிநிலை அறிக்கையும்

பிலாய் எஃகு ஆலைக்கு இரும்புத் தாது வெட்டித் தரும் ஊர் தல்லி ராஜ்ஹரா. இன்று சத்தீஸ்கரில் உள்ள இவ்வூர் அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. 1977 ஜூன் 2, 3 தேதிகளில் அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிர் நீத்தனர். சங்கர் குஹா நியோகியின் தலைமையில் திரண்டிருந்த சத்தீஸ்கர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அப்போதுதான் பிறந்திருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1983 ஜூன் 3 அன்று, அதே தொழிலாளர்கள் அந்தத் தியாகிகளின் பெயரால் ஒரு மருத்துவமனையைத் திறந்தார்கள். அதுதான் ஷஹீத் மருத்துவமனை. எந்த அமைச்சரும் அதைத் திறந்து வைக்கவில்லை. மூத்த சுரங்கத் தொழிலாளி ஒருவரும் மூத்த விவசாயி ஒருவருமே திறந்து வைத்தார்கள்.

அரசு மருத்துவமனைகளுக்கு உணவு கொண்டு செல்வது, குருதிக் கொடை முகாம் நடத்துவது, சக்கர நாற்காலி வாங்க நிதி திரட்டுவது, நோயாளிகளுக்கு வழிகாட்டி நிற்பது எனப் பல பணிகளில் நாடெங்கும் நமது தோழர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். இப்பணியைப் பற்றி அணிகளுக்குள் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இவை வெறும் சீர்திருத்த வேலைகள், அரசு செய்ய வேண்டியதை நாம் செய்து அரசைத் தப்பவிடுகிறோம் என்பது ஒன்று. கூட்டமும் ஆர்ப்பாட்டமும் தராத மக்கள் தொடர்பைத் தொண்டு தருகிறது, ஆகவே அதுவே போதும் என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைகள்தாம். பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டால் வேலை திசைமாறிப் போகும். தல்லி ராஜ்ஹராவின் அனுபவம் இங்குதான் நமக்கு உதவுகிறது.

தொழிலாளர்கள் ஏன் மருத்துவமனை கட்டினார்கள்?

சங்கத்தின் துணைத் தலைவராக இருந்தவர் குசும் பாய் என்ற பெண் தொழிலாளி. பிரசவத்தின்போது உரிய சிகிச்சை கிடைக்காமல் அவர் இறந்தார். நாட்டின் எஃகு உற்பத்திக்குத் தாது வெட்டித் தந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதால், நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த மருத்துவ வசதி அவர்களுக்கு எட்டாததாக இருந்தது. நமக்கென ஒரு பேறுகால மருத்துவமனை வேண்டும் என்ற முடிவு அந்தச் சாவின் துயரத்திலிருந்து பிறந்தது.

1982 தொடக்கத்தில் சங்கத்தின் இடத்தில் ஒரு சிறு மருந்தகம் தொடங்கப்பட்டது. பினாயக் சென் உள்ளிட்ட இளம் மருத்துவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்தனர். கட்டடம் எழுப்பும் வேலையைத் தொழிலாளர்களே செய்தார்கள். நிதி அவர்களுடைய கூலியிலிருந்து வந்தது. சுரங்கத்தில் வேலை முடித்து வந்த தொழிலாளர்கள் காயத்துக்குக் கட்டுப் போடவும், ஊசி போடவும், நோயாளியைப் பராமரிக்கவும் கற்றுக்கொண்டு ஊதியமின்றிப் பணியாற்றினார்கள். தொடக்கத்தில் 15 படுக்கைகளே இருந்த அந்த மருத்துவமனை, சுற்று வட்டாரப் பழங்குடி மக்களும் விவசாயிகளும் நாடி வரும் இடமாக வளர்ந்தது. வெளியிலிருந்து பெரும் நிதி பெறுவதை அவர்கள் தவிர்த்தார்கள். பணம் கொடுப்பவன் பாதையையும் தீர்மானிப்பான் என்பதை அந்தத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் அவர்கள் மருத்துவமனையோடு நிற்கவில்லை. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வீட்டிலேயே தயாரித்துக் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தார்கள். கூடவே, குடிநீர் ஏன் கெட்டிருக்கிறது என்ற கேள்வியையும் எழுப்பினார்கள். குழாய்க் கிணறுகள் அமைக்குமாறு நிர்வாகத்தை நிர்ப்பந்தித்தார்கள். தேவையற்ற ஊசிகளுக்கும் டானிக்குகளுக்கும் எதிராகப் பிரச்சாரம் செய்தார்கள். மதுவுக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார்கள். போராட்டமும் நிர்மாணமும் என்பது நியோகி வகுத்த முழக்கம். நிர்மாணத்துக்கு வலுவளித்தது போராட்டம். போராட்டத்துக்கு நம்பகத்தன்மை அளித்தது நிர்மாணம். 1991 செப்டம்பர் 28 அன்று நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனையோ தொடர்ந்து நடந்தது. தனி மனிதரின் கருணையில் நிற்கும் தொண்டு அவரோடு முடியும். அமைப்பின் உழைப்பில் நிற்கும் தொண்டு அவருக்குப் பின்னும் நிற்கும்.

வங்கமும் கேரளமும்

இடதுசாரி இயக்கத்துக்கு இந்தப் பணி புதிதன்று. 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது கஞ்சித் தொட்டிகளையும் மருத்துவ முகாம்களையும் நடத்தியவர்களில் கம்யூனிஸ்டுகள் முன்னணியில் இருந்தனர். மக்கள் நிவாரணக் குழு அந்த நாட்களில் உருவானது. 1952இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட மாணவர் நல இல்லம், மாணவர்கள் தரும் சிறு சந்தாவைக் கொண்டு மாணவர்களுக்கு மருத்துவம் அளித்தது. காசநோய் இளைஞர்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

கேரளத்தில் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் 2017 முதல் நடத்திவரும் பொதிச்சோறு இயக்கத்தைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளிகளோடு உடனிருப்போர் மதிய உணவுக்கு அல்லாடுகிறார்கள். இவர்களுக்காக, முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியின் தோழர்களும் வீடு வீடாகச் சென்று உணவுப் பொட்டலங்களைத் திரட்டி வருகிறார்கள். வீட்டார் தமக்குச் சமைக்கும்போதே இன்னொருவருக்கும் சேர்த்துச் சமைத்து, வாழையிலையில் பொதிந்து தருகிறார்கள். இதற்கென்று தனிச் சமையற்கூடம் இல்லை. பெரும் நன்கொடையாளர் இல்லை. பொதியைத் தருபவர் எந்தக் கட்சி, எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. உண்பவருக்கும் அது தெரிவதில்லை. யார் சமைத்ததை யார் தொடலாம் என்று சாதி வகுத்து வைத்த நாட்டில், முகம் தெரியாத வீட்டின் சோற்றை முகம் தெரியாத ஒருவர் உண்பது சிறிய செய்தியன்று.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது மேற்கு வங்கத்தில் செந்தொண்டர்கள் ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து வீடுகளுக்குச் சென்றார்கள். அதே ஆண்டு மே 2 அன்று வெளியான சட்டமன்றத் தேர்தல் முடிவில் இடது முன்னணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மறுநாளும் அந்த இளைஞர்கள் உருளைகளைச் சுமந்தார்கள். தொண்டு வாக்காக மாறும் என்று எண்ணி வேலை செய்பவர் மே 2 அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். அவர்கள் போகவில்லை. தொண்டின் நோக்கம் பற்றி இதைவிடத் தெளிவான விடை நமக்குத் தேவையில்லை.

தொண்டர் என்ற சொல்லை ஆள்வோர் பயன்படுத்தும் விதம்

அதே வேளையில், தொண்டு என்ற சொல்லை ஆளும் வர்க்கமும் விரும்பிப் பயன்படுத்துகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது ஆஷா பணியாளர்கள் கிராமங்களில் நியமிக்கப்பட்டனர். இன்று அவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள். பேறுகாலப் பராமரிப்பு, தடுப்பூசி, காசநோய்க் கண்காணிப்பு என ஊரகச் சுகாதாரத்தின் பெரும்பகுதி அவர்கள் தோளில் நிற்கிறது. ஆனால் அரசின் ஏடுகளில் அவர்கள் பணியாளர்கள் அல்லர், தன்னார்வலர்கள். ஆகவே அவர்களுக்கு ஊதியம் இல்லை, ஊக்கத்தொகை மட்டுமே. 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கப் பரிந்துரைத்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது அளித்தபோது ஒன்றிய ஆட்சியாளர்கள் பெருமை கொண்டாடினார்கள். பரிந்துரை மட்டும் கிடப்பில் கிடக்கிறது.

மனமுவந்து செய்யும் தொண்டு வேறு, கூலி கொடுக்காமல் வாங்கும் உழைப்பு வேறு. மருத்துவமனையில் துப்புரவுப் பணியிடங்கள் காலியாக இருக்கும்போது நாம் துடைப்பத்தோடு சென்று படம் எடுத்துத் திரும்பினால், அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதற்கு நாமும் துணை போகிறோம். ஒருநாள் துப்புரவு செய்யலாம். அன்று மாலையே, எத்தனை பணியிடங்கள் காலி, அவற்றை எப்போது நிரப்புவீர்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இந்தூர் ஒரு பாடம். 1990களின் நடுப்பகுதியில் அந்நகரின் பெரிய அரசு மருத்துவமனை எலிகளும் குப்பையும் மண்டிக் கிடந்தது. நோயாளிகளை வெளியேற்றி முழுமையாகச் சுத்தம் செய்தார்கள். நகர மக்களும் உதவினார்கள். நல்ல செயல்தான். ஆனால் அதன் தொடர்ச்சியாக உருவான நோயாளர் நலச் சங்கம், மருத்துவமனையைப் பராமரிக்க நோயாளிகளிடம் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாட்டையும் கொண்டு வந்தது. அந்த முன்மாதிரி மாநிலம் முழுவதும் பரவி, பின்னர் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியே நாடு முழுவதற்கும் சென்றது. மக்களின் நல்லெண்ணத்தில் தொடங்கியது மக்களின் சட்டைப்பையில் கைவைப்பதில் முடிந்தது.

கணக்கு யார் கையில்?

மக்கள் எவ்வளவு தருகிறார்கள், அரசு எவ்வளவு தருகிறது என்ற கணக்கைப் பார்ப்போம். பணம் கட்ட இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று போர் குழு 1946இலேயே கூறியது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக வாக்களித்தது. ஒன்றிய அரசே வெளியிட்ட தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, கொரோனா காலமான 2021-22இல்கூட ஒன்றிய, மாநில அரசுகளின் செலவு சேர்ந்து 1.84 சதவீதம்தான். அதே ஆண்டில் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்து செலுத்தினார்கள். 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று முழங்கினாலும், அது மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்கானது. மாதந்தோறும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கும் புறநோயாளிக்கு அதில் இடமில்லை. காப்பீட்டுப் பணத்தின் கணிசமான பகுதி தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறது.

இந்தப் பள்ளத்தை எந்த நன்கொடைப் பெட்டியாலும் நிரப்ப முடியாது. நாம் ஓராண்டில் திரட்டும் தொகை, ஒரு மாவட்ட மருத்துவமனையின் சில நாள் மருந்துச் செலவுக்கே காணாமல் போகும். அப்படியானால் நிதி திரட்டுவது வீணா? இல்லை. நன்கொடைப் பெட்டியோடு ஒரு வீட்டின் முன் நிற்கும் தோழருக்கு, அந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், மருந்துக்கு எவ்வளவு செலவாகிறது, எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் காக்க வைத்தார்கள் என்பதெல்லாம் தெரிய வருகிறது. அந்த அறிவைத் திரட்டிக் கோரிக்கையாக்குவதுதான் கட்சியின் வேலை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு. திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். வரவு செலவு, கொடுத்தவர்கள் படிக்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். மக்களின் பணத்தில் கறை படிந்தால் பல ஆண்டுப் பணி ஒரே நாளில் அழியும்.

இரண்டாவது, நோயாளியின் தன்மானம். சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து நோயாளியைப் படமெடுத்துப் பரப்புவது கொடையாளியின் பண்பு, தோழரின் பண்பன்று.

மூன்றாவது, மருத்துவமனை ஊழியர்களோடு உறவு. ஒரு வார்டில் இரவு முழுவதும் தனியாக நிற்கும் செவிலியரும், ஒப்பந்தத்தில் உழலும் துப்புரவுப் பணியாளரும் நமது வர்க்கத்தவர். காக்க வைக்கப்பட்ட மக்களின் கோபம் அவர்கள் மீது பாயாமல், ஆள் எடுக்க மறுக்கும் அரசின் மீது திரும்பச் செய்வது நமது கடமை.

நான்காவது, நிர்வாகத்தில் தலையீடு. நோயாளர் நலச் சங்கங்களில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. உள்ளாட்சிகளில் உள்ள நமது தோழர்கள் அந்தக் கூட்டங்களில் பங்கேற்று, கட்டணங்களை எதிர்த்தும், மருந்து இருப்பைக் கேட்டும் பேச வேண்டும். உணவு கொண்டு செல்லும் தொண்டர் வார்டில் கண்டதை, மறுவாரம் கூட்டத்தில் பிரதிநிதி எழுப்ப வேண்டும்.

தல்லி ராஜ்ஹராவின் தொழிலாளர்கள் தம் மருத்துவமனைக்குத் தங்கள் தலைவர்கள் எவரின் பெயரையும் சூட்டவில்லை. துப்பாக்கிச் சூட்டில் மாண்ட தோழர்களை நினைத்து, தியாகிகள் மருத்துவமனை என்றார்கள். அங்கே ஒரு குழந்தை பிறக்கும் ஒவ்வொரு முறையும், அது எதனால் கட்டப்பட்டது என்பதும் சொல்லப்படுகிறது. நாம் கொண்டு செல்லும் ஒவ்வொரு பொட்டலமும், ஒவ்வொரு புட்டி குருதியும் அந்த நினைவோடு செல்லட்டும். வார்டுக்குள் தொண்டராக நுழைவோம். வாசலுக்கு வந்ததும் கோரிக்கையோடு நிற்போம்.