வெறுந்தாளுக்கு விலக்கு, புத்தகத் தாளுக்கு 18

2025 செப்டம்பர் 22 முதல் காகிதத்துக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆகிவிட்டது. நோட்டுக்கும் அதற்கான பூச்சில்லாத தாளுக்கும் வரி இல்லை. அச்சிட்ட புத்தகத்துக்கும் இல்லை. அதன் தாளுக்கு மட்டும் 18. விற்பனைக்கு வரி இல்லாததால், கட்டியதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் பதிப்பாளருக்கு வழியில்லை. விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கம் நோட்டும் புத்தகமும் அடுத்தடுத்த மெஷினில் ஓடும். கோடு போட்ட வெறுந்தாள் கல்வி; எழுத்து ஏறிய தாள் சரக்கு. ஜிஎஸ்டி கவுன்சிலின் கணக்கு இது.

கூடுதல் ஆறு விழுக்காடு யார் தலையில் விடியும்? பிளேட், பைண்டிங், லாரி வாடகையில் பேரம் படியாது. எஸ்டிமேட்டில் கைவைக்க வாகான இடம் எடிட்டிங்தான். பதிப்பாளர்களில் பாதிப் பேர் அதை “புரூப்” என்று பக்கக் கணக்கில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஒற்றுப் போடுவது மட்டுமா எடிட்டர்களான நம் வேலை? மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன பெரியம்மா பதினோராம் அத்தியாயத்தில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். “அண்ணாச்சி, பெரியம்மா எப்போது சாகிறாள்?” என்று ஓரத்தில் குறித்து எழுத்தாளருக்கு அனுப்புகிறோம், அவர் முடிவு சொல்லும்வரை வரியைத் தொடுவதில்லை. உரையாடலில் ‘வாராக’ என்றிருந்தால் அதை ‘வருகிறார்கள்’ ஆக்காமல் விடுவதும் வேலைதான். எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மையாக்குவதைப் பதிப்பின் பகுதியாகவே நடத்திக் காட்டியவர் பதிப்பாளர் ‘க்ரியா’ ராமகிருஷ்ணன். அந்த உழைப்புக்கு எஸ்டிமேட்டில் இன்னும் ஒரு வரி கிடைக்கவில்லை.

சட்டமும் கைகொடுக்காது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், தீர்ப்புப் பிரதிகளில் எழுத்துப்பிழை திருத்துவது போன்ற வேலைகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. பத்தி பிரித்து எண் கொடுத்ததற்கு ஓரளவு பாதுகாப்புத் தந்தது. நாம் உரிமை கேட்கவில்லை. நூல் எழுத்தாளருடையது. ஆனால் நம் வேலையை எங்குமே காணாத அரசு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் சேவை வழங்குநர் என்று அடையாளம் கண்டு 18 கேட்கும். அவ்வளவு சம்பாதிக்கும் தமிழ் எடிட்டர் யார் என்று அதிகாரிகளே தேடிச் சொல்லட்டும்.

நோட்டுத் தாளுக்குத் தந்த விலக்கைப் புத்தகத் தாளுக்கும் தர வேண்டும் என்பதே இவ்விதழின் நிலை. அதுவரை எடிட்டிங் கட்டணம், எத்தனை சுற்று, யார் இறுதி ஒப்புதல் தருவது ஆகிய மூன்றும் தனியாக எழுதிக் கையெழுத்தாகாமல் கோப்பைத் திறக்காதீர்கள். காகித வரியை நம் கூலியில் கழிக்க ஒருவரும் சம்மதிக்க வேண்டாம்.